வானத்தைப் பார்த்திருந்தவர்கள்



வானொலியில் செய்தி முடிந்து காலநிலை அறிக்கை தொடங்கியதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். நம்மில் அநேகர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறோம். "மழை என்று சொல்வார்கள், வெயில் எரிக்கும்" என்று ஒரு சொல்லையும் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். கயிற்றில் காயும் உடுப்பை எடுப்பதா, விடுவதா என்பதற்கு மேல் அந்த அறிக்கைக்கு நம் வீடுகளில் பெரிய மதிப்பில்லை.

ஆனால் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் ஏப்ரல், மே மாதங்கள் பிறந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் வானத்தைப் பார்ப்பதையே ஒரு கடமையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள், தீயணைப்புப் படையினர், லொறிச் சாரதிகள், பண்ணை வீட்டுப் பெண்கள், ஓய்வுபெற்ற முதியவர்கள் எனப் பல தரத்தினரும் இவர்களில் உண்டு. இதற்காக இவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. முகில் எந்தப் பக்கம் திரும்புகிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்துப் பார்த்து, கண்டதை உடனுக்குடன் அறிவிக்கிறார்கள்.

இவர்களைப் பற்றியும், இவர்கள் விழித்திருந்த ஒரு நாளைப் பற்றியும் இம்முறை உங்களோடு கதைக்க விரும்புகிறேன். அந்த நாளில் எச்சரிக்கைகள் முன்கூட்டியே வந்தன. இருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஏன் போயின என்பதை ஒவ்வொரு வீட்டுத் தாயும் ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சூறாவளி வேறு, இது வேறு

சூறாவளி என்றதும் நமக்கு, குறிப்பாகக் கிழக்கு மாகாணத்தாருக்கு, நினைவில் வருவது 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளிதான். அது கடலில் பிறந்து, பெரும் பரப்பில் பரந்து, கரைக்கு வந்து மணிக்கணக்காக வீசும் காற்று. நம் பத்திரிகைகள் "மினி சூறாவளி" என்று எழுதுவது, திடீரென வீசி மரங்களை முறித்துக் கூரைத் தகடுகளைத் தூக்கிச் செல்லும் சிறு காற்றை.

நான் சொல்லவந்தது இவை இரண்டையும் அல்ல. "டொர்னாடோ" எனப்படும் சுழல்காற்றைப் பற்றித்தான். பெரிய இடிமுகில் ஒன்றின் அடியிலிருந்து யானையின் தும்பிக்கை போல் இறங்கி நிலத்தைத் தொடும் காற்று அது. பெரும்பாலும் சில நூறு யார் அகலந்தான் இருக்கும். மிகப் பெரியது இரண்டு மைலையும் தாண்டலாம். ஆயுளும் பொதுவாகச் சில நிமிடங்களே. ஆனால் அதன் உள்ளே காற்றின் வேகம் மணிக்கு 200 மைலையும் தாண்டலாம். ஒரு வீட்டை அத்திவாரம் தெரியத் துடைத்துவிடும்; அதே தெருவின் அடுத்த பக்கத்தில் பூச்சாடிகூட விழாமல் நிற்கும்.

இது எப்படி உண்டாகிறது? மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து ஈரமும் சூடுமான காற்று வடக்கே வருகிறது. மேற்கிலிருந்து உலர்ந்த காற்று மேலே வந்து சேர்கிறது. தரையருகே காற்று ஒரு திசையில் மெதுவாகவும், உயரத்தில் வேறு திசையில் மிக வேகமாகவும் வீசினால், இடையிலுள்ள காற்று உருளத் தொடங்கும். ரொட்டி மாவை இரு கைகளுக்கிடையில் வைத்து உருட்டும்போது அது நீளமாகச் சுருளுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் படுக்கையாக உருளும் காற்றை, கீழிருந்து எழும் சூடான காற்று மேலே தள்ளி நிமிர்த்திவிடுகிறது. அப்போது முகிலே சுழலத் தொடங்குகிறது. இப்படிச் சுழலும் முகில்கள் எல்லாம் டொர்னாடோவைப் பிரசவிப்பதில்லை. எது பிரசவிக்கும், எது சும்மா போகும் என்று சொல்வதுதான் இன்றுவரை விஞ்ஞானிகளுக்குக் கடினமான வேலை.

இதன் வலுவை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள். ஜப்பானில் பிறந்து சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ஃபுஜித்தா 1971இல் வகுத்த அளவு அது. 2007 முதல் அதன் திருத்திய வடிவம் அங்கே பயன்பாட்டில் உள்ளது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய துன்பம் என்று எண்ணிவிடாதீர்கள். உலகில் அதிக உயிர்களைக் குடித்ததாகக் கருதப்படும் டொர்னாடோ நம் பக்கத்து நாடான பங்களாதேஷில்தான் வீசியது. 1989 ஏப்ரல் 26ஆம் திகதி, ரமழான் மாதத்து மாலைப் பொழுதில், மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தவுலத்பூர், சத்தூரியா பகுதிகள் நாசமாயின. ஏறத்தாழ 1300 பேர் மாண்டனர்.

ராடாருக்குத் தெரியாதது

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அரசாங்க வானிலை அதிகாரிகள் முன்னறிவிப்பில் "டொர்னாடோ" என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்ற நிலை இருந்தது. மக்கள் பீதியடைந்து விடுவார்கள் என்பதே காரணம். 1948 மார்ச் 25ஆம் திகதி ஒக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபோபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் துணிந்து முன்னறிவிப்புச் செய்தனர். அன்று மாலையே டொர்னாடோ அத்தளத்தைத் தாக்கியது. அதற்குப் பிறகுதான் இதை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

இன்று நாடு முழுவதும் டொப்ளர் ராடார்கள் உண்டு. முகிலுக்குள் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை அவை நிறத்தில் காட்டும். ராடாரை நோக்கி வரும் காற்று பச்சை. விலகிப் போகும் காற்று சிவப்பு. பச்சையும் சிவப்பும் ஒட்டி நின்றால் அங்கே சுழற்சி உண்டு.

அப்படியானால் மனிதக் கண் எதற்கு? பூமி உருண்டையானது, ராடாரின் கதிரோ நேராகப் போவது. தூரம் கூடக் கூட அது நிலத்திலிருந்து உயர்ந்துகொண்டே போகும். 60 மைலுக்கு அப்பால் அது பார்ப்பது ஒரு மைல் உயரத்துக்குச் சற்றுக் கீழே நடப்பதைத்தான். அதற்குக் கீழே, வீடுகளும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை யாராவது கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தேவையால் 1970களில் "ஸ்கைவோர்ன்" என்ற தொண்டர் திட்டம் உருவானது. தேசிய வானிலைச் சேவை இலவசமாகவே வகுப்பு நடத்துகிறது. சில மணித்தியாலப் பயிற்சிதான். எந்த முகில் அபாயமானது, எந்த முகில் வெறும் தோற்றம், எங்கே நின்று பார்க்க வேண்டும், எப்போது விலகி ஓட வேண்டும் என்று கற்பிப்பார்கள். பலரிடம் சொந்த வானொலித் தொடர்புக் கருவிகள் இருக்கின்றன. தொலைபேசி செத்துப்போனாலும் அவர்களுடைய குரல் போய்ச் சேரும்.

2011 ஏப்ரல் 27

அன்று புதன்கிழமை. ஒக்லஹோமாவிலுள்ள புயல் முன்னறிவிப்பு மையம் பல நாட்களுக்கு முன்பே தென் மாநிலங்களை எச்சரித்திருந்தது. அன்று அலபாமா, மிசிசிப்பி, டென்னசி பகுதிகளுக்கு மிக உயர்ந்த அபாய நிலை அறிவிக்கப்பட்டது. பல பாடசாலைகள் மூடப்பட்டன அல்லது பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பின.

அலபாமாவில் ஒரு தாயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். விடியுமுன்னே முதலாவது புயல் வரிசை வந்து அடிக்கிறது. மரங்கள் விழுகின்றன, மின்சாரம் போய்விடுகிறது. அந்தக் காலைப் புயலிலேயே சில டொர்னாடோக்கள் இருந்தன. சில உயிர்களும் போயின. பிறகு மழை ஓய்கிறது. நண்பகலில் பல இடங்களில் முகில் விலகி வெயில் எறிக்கிறது. புழுக்கம் தாங்கவில்லை. தொலைக்காட்சி வேலை செய்யாது. பிள்ளைகள் வீட்டில் நிற்கிறார்கள். "காலையிலே சொன்ன புயல் வந்து போய்விட்டது" என்று நினைப்பீர்களா, மாட்டீர்களா? நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். வெளியே விழுந்த கொப்புகளைப் பொறுக்கப் போயிருப்பேன்.

வானத்தைப் படித்தவர்கள் அந்த வெயிலைக் கண்டு பயந்தார்கள். வெயில் நிலத்தைச் சூடாக்கச் சூடாக்க, பின்னேரத்துப் புயலுக்கு அது அடுப்பில் வைக்கும் விறகாகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிற்பகல் 3 மணியளவில் கல்மன் நகரில் இறங்கிய டொர்னாடோவை பர்மிங்ஹாம் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் கமெரா நேரடியாகக் காட்டியது. அந்நிலையத்தின் வானிலை அறிவிப்பாளர் ஜேம்ஸ் ஸ்பான் அலபாமா மக்களுக்கு வீட்டு மனிதரைப் போன்றவர். அவர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு நின்றால் நிலைமை மோசம் என்று சிறு பிள்ளைகளும் சொல்லும். அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மாவட்டத்தின் பெயரைச் சொல்வதோடு நிற்கமாட்டார். இந்தக் கடைச் சந்தி, அந்தத் தேவாலயம், இன்ன சாப்பாட்டுக் கடை என்று சின்னச் சின்ன இடங்களைச் சொல்லி, "அங்கே இருப்பவர்கள் இப்போதே பதுங்குங்கள்" என்பார். தன் ஊர்ச் சந்தியின் பெயரைக் கேட்டால்தான் மனிதன் எழுந்து நடப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தெருவோரங்களில் நின்ற தொண்டர்களும் புயல் ஆர்வலர்களும் தகவல்களையும் படங்களையும் அனுப்பிக்கொண்டேயிருந்தனர். ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்குமுன் அடுத்தது இறங்கியது. 3 மணிக்குச் சற்றுப் பின்னர் தொடங்கிய ஒன்று ஹக்கிள்பர்க், பில் கம்பல் என்ற சிற்றூர்களை அழித்து, 132 மைல் ஓடி டென்னசிக்குள் போய் ஓய்ந்தது. அது 5ஆம் தரம். அது ஒன்றே 72 உயிர்களைக் கொண்டுபோனது. பெரிய மின்கம்பித் தொடர்களையும் அது அறுத்ததால் வட அலபாமா பல நாட்கள் இருளில் கிடந்தது.

மாலை 5 மணி தாண்டியதும் டஸ்கலூசா என்ற பல்கலைக்கழக நகரத்துக்குள் இன்னொன்று நுழைந்தது. ஒன்றரை மைல் வரை அகலம். காற்று மணிக்கு 190 மைல். கமெராவில் அதை அந்த நேரத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வானமே கறுத்துத் தரையில் நடந்து வருவது போலிருந்தது. ராடாரில் ஓர் உருண்டை தெரிந்தது. அது மழையல்ல; மேலே தூக்கப்பட்ட பலகைகளும் ஓடுகளும் மரங்களுந்தான். அதைக் கண்டவர்களுக்கு, எங்கோ வீடுகள் இடிந்துகொண்டிருப்பது அந்த நொடியே விளங்கிவிட்டது. டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் வரை அது 80 மைல் ஓடி, அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

கோர்டோவா என்ற சிறு நகரத்தின் கதை இன்னும் கொடியது. அதே நாளில் அதிகாலையில் ஒரு டொர்னாடோ, மாலையில் இன்னொரு டொர்னாடோ என இருமுறை தாக்கப்பட்டது.

ஏப்ரல் 25 முதல் 28 வரையான நான்கு நாட்களில் மொத்தம் ஏறத்தாழ 360 டொர்னாடோக்கள். அவற்றில் 200க்கும் மேற்பட்டவை 27ஆம் திகதியன்றே வீசின. டொர்னாடோக்களால் மட்டும் இறந்தவர்கள் 320 பேர் வரையில். அவர்களில் ஏறத்தாழ 250 பேர் அலபாமாக்காரர்கள்.

கேட்டும் ஏன் இறந்தார்கள்?

அன்றைய எச்சரிக்கைகள் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் முந்தியே கொடுக்கப்பட்டன. வழமையைவிட இது கூடிய அவகாசம். பின் என்ன குறை?

முதலாவது, காலைப் புயல் மின்சாரத்தை வெட்டிவிட்டது. வானிலை வானொலிக் கோபுரங்கள் சிலவும் செயலிழந்தன. எச்சரிக்கை சரியாக இருந்தும், கேட்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. கைத்தொலைபேசிக்குத் தானாக வரும் அரசாங்க எச்சரிக்கை முறை 2012இல்தான் அங்கே தொடங்கியது.

இரண்டாவது, "ஓநாய் வருகிறது" என்ற கதை. அக்காலத்தில் நாடளாவிய ரீதியில் நான்கு டொர்னாடோ எச்சரிக்கைகளில் மூன்று பொய்த்துப்போயின. பலமுறை குளியலறைக்குள் பதுங்கி வெளியே வந்து, ஒன்றும் நடக்காததைக் கண்டவர் ஐந்தாம் முறை அலட்சியமாக இருப்பது மனித இயல்பு. இதை முதலில் ஒப்புக்கொண்டவர்களில் ஸ்பானும் ஒருவர். குற்றத்தை மக்கள் தலையில் மட்டும் போடாமல், "நாமும் அதிகமாகக் கூவிவிட்டோம்" என்ற கருத்தில் பேசினார். அதன் பிறகு எச்சரிக்கைகளைச் சுருக்கித் திருத்தமாக்கும் முயற்சிகள் நடந்தன.

மூன்றாவது, அபாயச் சங்கை மட்டும் நம்பியிருந்தது. சங்கு வெளியே நிற்பவருக்காக வைக்கப்பட்டது. கதவு யன்னல்களைப் பூட்டிக்கொண்டு உறங்குபவருக்கு அது கேட்காது.

நான்காவது, பதுங்க இடமில்லாமை. சில்லுகளின் மேல் கொண்டுவந்து வைக்கும் இலேசான நடமாடும் வீடுகளில் ஏழைகள் வாழ்கிறார்கள். நிலவறையில்லாத வீடுகளும் அங்கே ஏராளம். "பதுங்கு" என்று சொல்வது இலகு, எங்கே பதுங்குவது? இந்தக் கேள்வி அறிவிப்பாளருக்குரியதல்ல, ஆட்சியாளருக்குரியது.

அதே ஆண்டு மே 22ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் ஜொப்லின் நகரில் இன்னும் 158 பேர் டொர்னாடோவில் மாண்டனர். பின்னர் தப்பியவர்களை விசாரித்தபோது ஓர் உண்மை வெளிவந்தது. முதல் சங்கைக் கேட்டதும் பதுங்கியவர்கள் குறைவு. பெரும்பாலோர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள், யாரையாவது கேட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது அடையாளத்துக்காகக் காத்திருந்தார்கள். நிமிடங்கள் இப்படித்தான் கரைந்தன. இதை மடமை என்று சொல்லாதீர்கள். நாமும் அப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தானே வைத்தியரிடம் போகிறோம்?

ஆர்வமும் ஆபத்தும்

புயலைத் துரத்துபவர்கள் எல்லோரும் ஒரே நோக்கத்தோடு போவதில்லை. சிலர் வேடிக்கைக்காகவும் படம் பிடித்து விற்பதற்காகவும் போகிறார்கள். சிலவேளை வீதிகளில் வாகன நெரிசலே ஏற்பட்டுவிடுகிறது.

ஆனால் டிம் சமாராஸ் போன்றவர்களும் இருந்தார்கள். தானே கருவிகள் செய்து, டொர்னாடோ வரும் பாதையில் தரையில் வைத்துவிட்டு விலகிவிடுவார். 2003இல் தென் டகோட்டாவில் அவருடைய கருவி டொர்னாடோவுக்குள் காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததைப் பதிவு செய்தது. மிகுந்த கவனசாலி என்று பெயரெடுத்தவர். ஆனால் 2013 மே 31ஆம் திகதி ஒக்லஹோமாவின் எல் ரெனோ அருகே, 2.6 மைல் அகலமுள்ள டொர்னாடோ திடீரெனத் திரும்பி வேகமெடுத்தபோது அவரும், மகன் போலும், தோழர் கார்ல் யங்கும் காரோடு மாண்டனர். கற்றறிந்தவரையே ஏமாற்றும் காற்று அது. வேடிக்கை பார்க்க வாசலில் நிற்பவர் என்ன செய்ய முடியும்?

பறந்துபோன படங்கள்

2011 ஏப்ரல் 27 முடிந்த பின், வட அலபாமாவில் ஒரு பெண்மணி தம் வீட்டு முற்றத்தில் அறியாதவர்களுடைய புகைப்படங்களும் பத்திரங்களும் விழுந்து கிடப்பதைக் கண்டார். குப்பை என்று கூட்டி எறியவில்லை. உரியவர்கள் கண்டுகொள்ளட்டும் என்று அவற்றை இணையத்தில் போட்டார். பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் தாங்கள் கண்டெடுத்தவற்றைச் சேர்த்தனர். கலியாணப் படம், குழந்தையின் படம், இறந்துபோன தாயின் படம் என ஆயிரக்கணக்கானவை வீடு திரும்பின. விஞ்ஞானிகளும் அவற்றை வைத்து ஆராய்ந்தார்கள். 900க்கும் மேற்பட்ட பொருள்களின் பயணத்தைக் கணக்கிட்டதில், ஒரு புகைப்படம் ஏறத்தாழ 220 மைல் பறந்திருந்தது. ஒரு குடும்பப் பெண்ணின் இரக்கம் ஆராய்ச்சிக்கும் உதவியது.

நமக்கு என்ன?

சகோதரிகளே, அலபாமாவின் டொர்னாடோ நம் வாசலுக்கு வராமலிருக்கலாம். வெள்ளமும் மண்சரிவும் காற்றும் மின்னலும் வருகின்றன. அந்த மக்கள் உயிர் கொடுத்துக் கற்ற பாடங்களில் சில நமக்கும் செல்லும்.

எச்சரிக்கை வந்த பிறகு யோசிக்காமல், முன்பே முடிவு செய்து வையுங்கள். எந்த அறை, எந்த மேட்டு நிலம், யார் மாமியைக் கைபிடித்து அழைத்துவருவது, யார் கைக்குழந்தையைத் தூக்குவது என்று இன்றே வீட்டில் கதையுங்கள். பற்றரியில் இயங்கும் ஒரு சிறு வானொலி வீட்டில் இருக்கட்டும். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். கோபுரம் விழுந்தால் அது வெறும் கண்ணாடிப் பெட்டி. பிள்ளைகளுக்கு நம் மாவட்ட வரைபடத்தைக் காட்டி, நம் ஊர் எங்கே, ஆறு எங்கே, எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறோம் என்று கற்றுக்கொடுங்கள். அறிவிப்பில் ஊர்ப் பெயர் வந்தும் அது தம்முடைய இடம் என்று தெரியாதிருந்தவர்கள் அங்கே பலர்.

அலபாமாவில் இப்போது பதுங்கும் அறைக்குப் போகும்போது தலைக்கவசமும் சப்பாத்தும் அணியச் சொல்கிறார்கள். கையில் ஒரு விசில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். விளையாட்டுத் தலைக்கவசம் அணிந்திருந்ததால் பிழைத்த ஒரு சிறுவனின் செய்தி அங்கே பலரின் மனதை மாற்றியது. நம் வீட்டில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஆணியில்தானே தொங்குகிறது? மரம் முறியும் காற்றில் அது பிள்ளையின் தலைக்கும் உதவும்.

கடைசியாக ஒன்று. பத்து முறை பொய்த்துப்போன அறிவிப்பு பதினோராம் முறை மெய்யாகலாம். பத்து முறை வீணாக எழுந்து போனதில் நமக்கு நட்டம் கொஞ்ச நேரந்தான்.

இன்றிரவு செய்திக்குப் பின் காலநிலை அறிக்கை வரும்போது, சமையலறைக்குப் போகாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.